அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட என் தவறு

எங்கள் ஆராய்ச்சி நிலையத்து இளம் விஞ்ஞானிகள் இரண்டு பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு மலர் போடுகிறார்களாம். நிலையம் தொடங்கிய நாளிலிருந்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளில் எதை மற்றவர்கள் அதிகமாக மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரில் தேடி ஒரு பட்டியல் எடுத்து வந்திருந்தார்கள். முதலிடத்தில் டாக்டர் சேஷகிரியின் பெயரும் என் பெயரும் சேர்ந்து இருந்தன. "இத்தனை வருஷம் ஆச்சு சார், உங்கள இன்னும் யாரும் தாண்டல" என்றார் வந்தவர்களில் ஒருவர். அந்தக் கட்டுரை பிறந்த கதையை நான் எழுதித் தர வேண்டும் என்பது அவர்கள் விருப்பம்.

நல்ல பிள்ளைகள். காபி கொடுத்து, எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பி வைத்தேன். அவர்கள் போன பிறகு பட்டியலை மறுபடி எடுத்துக் கடைசி வரி வரைக்கும் விரலை வைத்துப் பார்த்தேன். அந்தக் கட்டுரை தப்பு என்று பல வருஷம் கழித்து நானே எழுதி வெளியிட்ட ஒரு பக்கத் திருத்தம் அதில் எங்குமே இல்லை. அதை ஒருவரும் மேற்கோள் காட்டவில்லை. தப்பை மட்டும் ஊரே எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மதராஸில் எம்.எஸ்ஸி., பிறகு இங்கே ஆராய்ச்சி உதவியாளர் வேலை. அறுபதுகளின் பாதியில் ஸ்ரீபெரும்புதூரில் பஸ் இறங்கி, பிள்ளைப்பாக்கம் போகும் வழியில் சைக்கிள் மிதித்தால் எங்கள் நிலையம். சுற்றிலும் கடலைக் கொல்லையும் நெல் வயலும்தான். இப்போது அந்தப் பக்கம் போனால் தொழிற்சாலைச் சுவர்களுக்கு நடுவே வழி தெரியாமல் திண்டாடுகிறேன்.

டைரக்டர் டாக்டர் சேஷகிரி. குரல் உயர்த்தியே பேசமாட்டார். கடைநிலை ஊழியரைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் ஏதாவது சரியில்லை என்றால் அதன் முன்னால் போய் நின்றுகொள்வார். ஒரு வார்த்தை பேசமாட்டார். யாராவது ஓடி வந்து சரி செய்கிற வரைக்கும் பேனா மூடியால் அதை மெல்லத் தட்டிக்கொண்டே நிற்பார். திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்தத் தட்டலுக்குத்தான் நாங்கள் எல்லோரும் நடுங்கினோம்.

அவர் அதிகம் தட்டியது தண்ணீர் ஜாடியை. ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. காய்ச்சி வடித்த தண்ணீரை அதில்தான் பிடித்து வைப்போம். ஜாடியின் பாதியில் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தார். தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. ஸ்டில் என்று நாங்கள் சொல்லும் தண்ணீர் வடிக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் சவரிமுத்து. பிள்ளைப்பாக்கத்துக்காரர். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். கண்ணாடிச் சாமான் கழுவுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கழுவிய குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு சொட்டு உள்ளே ஒட்டியிருந்தாலும் மறுபடி கழுவுவார்.

எங்கள் ஆராய்ச்சி என்னவென்று சொல்லிவிடுகிறேன். வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். அவற்றுக்குள் வாழும் பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகிறது. அந்த பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் ஒன்றைச் சேரப்பணஞ்சேரியில் ஒரு கடலைக் கொல்லை மண்ணிலிருந்து பிரித்தெடுத்திருந்தோம். அதன் டி.என்.ஏ. எப்படிப்பட்டது என்று பார்ப்பது என் வேலை.

டி.என்.ஏ. என்பது இரண்டு இழை பின்னிய கயிறு. சூடேற்றினால் ஒரு கட்டத்தில் இழைகள் பிரிந்துவிடும். எந்தச் சூட்டில் பிரிகிறது என்பதை வைத்து அது எதனால் ஆனது என்று ஓரளவு கணிக்கலாம். இழை பிரியப் பிரிய அது புற ஊதா ஒளியை அதிகமாக உறிஞ்சும், கருவியில் முள் நகரும். காலையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். விரல் நீளக் குவார்ட்ஸ் குப்பியை ஓரத்தில் மட்டும் பிடித்து, மெல்லிய தாளால் துடைத்து, கருவிக்குள் வைக்க வேண்டும். ஒரு டிகிரி ஏற்ற வேண்டும், பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும், முள்ளைப் படித்து நோட்டில் எழுத வேண்டும். மறுபடி ஒரு டிகிரி. எழுந்து போனால் அன்றைய வேலை வீண். வியர்வை கண்ணில் இறங்கினாலும் துடைக்க யோசிப்போம்.

இதில் தண்ணீர்தான் உயிர். தண்ணீரில் உப்புகள் கலந்திருந்தால் இழைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதிகச் சூட்டில்தான் பிரியும். ஆகவே ஒரு விதி உண்டு. அன்றைக்கு அதே தண்ணீரில், ஏற்கெனவே தெரிந்த ஒரு டி.என்.ஏ.வையும் சூடேற்றிப் பார்க்க வேண்டும். கன்ட்ரோல் என்போம். அது சரியான சூட்டில் பிரிந்தால் தண்ணீரும் கருவியும் யோக்கியம் என்று அர்த்தம். அந்தக் கன்ட்ரோல் சரக்கு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எங்களிடம் ஒரே ஒரு சின்னக் குப்பி இருந்தது, டைரக்டர் அறையில், பூட்டிய ஃப்ரிட்ஜில். அதன் அடியில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் தூள்தான் மிச்சம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாதம். மின்வெட்டு. ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் கரண்ட் வரும். வடிக்கும் இயந்திரத்தையும் என் கருவியையும் சேர்த்துப் போட்டால் ஃப்யூஸ் போய்விடும். கரண்ட் இருக்கும் நேரம் கருவிக்கு மட்டும் என்று டைரக்டர் உத்தரவு போட்டார். அதே சமயம் வழக்கம்போல ஜாடியின் முன்னாலும் வந்து நின்றார். ஒரு நாள் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இருந்தது. டக், டக் என்று சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் ஜாடி நிரம்பியிருந்தது. எப்படி நிரம்பியது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வாரம்தான் எங்கள் வைரஸின் டி.என்.ஏ.வைச் சூடேற்றினேன். பிரிய வேண்டிய சூட்டில் முள் அசையவில்லை. ஏற்றிக்கொண்டே போனேன். நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பத்து டிகிரிக்கும் மேலே போன பிறகுதான் பிரியத் தொடங்கியது. டைரக்டர் வந்து என் ஸ்டூலுக்குப் பின்னால் நின்றார். முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கன்ட்ரோல் பாத்தீங்களா?"

"பாத்திருக்கு சார்."

பார்த்திருந்தேன். ஜனவரி மாதத்தில். அந்த மே மாதத்தில் பார்க்கவில்லை. அவர் அறைக்குப் போய்ச் சாவி கேட்டு, மிச்சமிருந்த தூளைக் கரைக்க வேண்டும் என்று சொல்லக் கூச்சம். கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு. ஜனவரி எண்ணையே நோட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டேன். "இன்னும் ரெண்டு தடவ பாத்துடுங்க" என்றார் அவர். பார்த்தேன். அதே ஜாடி, அதே தண்ணீர், அதே விடை. இதுவரை யாரும் காணாத ஏதோ ஒன்று இந்த டி.என்.ஏ.வில் இருக்கிறது என்று எழுதினோம். பெரிய பத்திரிகை ஒன்று உடனே ஏற்றுக்கொண்டது.

பிறகு அஞ்சலட்டைகள் வர ஆரம்பித்தன. கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்ப முடியுமா என்று கேட்டு, பெயர்கூடச் சரியாகச் சொல்ல வராத ஊர்களிலிருந்தெல்லாம் வந்தன. டைரக்டர் அவற்றைப் பலகையில் வரிசையாகக் குத்தி வைத்தார். சவரிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று பார்ப்பார். "நம்ம ஊரு கடலக்கொல்ல சமாச்சாரம் எங்கெங்கியோ போய்கினு கீது சார்" என்பார். அவருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. வைரஸையே அனுப்பச் சொன்னவர்களுக்கும் அனுப்பினோம். கப்பலில் போய்ச் சேர்வதற்குள் செத்துவிட்டது. அதனால் வெளியில் யாராலும் எங்களைச் சோதித்துப் பார்க்க முடியவில்லை. நம்பி மேற்கோள் காட்டினார்கள்.

சோதித்துப் பார்த்தவர் ஒருவர்தான். ரெஜினா. சேரப்பணஞ்சேரியில் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகள். அந்த ஊரிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வந்த முதல் பெண். ஒரகடம் வழியாக இரண்டு பஸ் மாறி வருவார். எங்கள் டி.என்.ஏ.வில் ஒளிந்திருக்கும் அந்தப் புதிய பொருள் என்ன என்று கண்டுபிடிப்பதுதான் டைரக்டர் அவருக்குக் கொடுத்த வேலை. இல்லாத ஒன்றைத் தேடி அந்தப் பெண் இரண்டு வருஷம் உழைத்தார்.

டி.என்.ஏ.வை உடைத்து வடிதாளில் ஓடவிட்டால் எல்லா டி.என்.ஏ.விலும் உள்ள நான்கு பொருள்களுக்கான நான்கு புள்ளிகள்தான் வந்தன. ஐந்தாவது வரவேயில்லை. சூடேற்றினால் சாதாரணச் சூட்டில் பிரிந்தது. கன்ட்ரோலும் சரியாக இருந்தது. டைரக்டர் அவருடைய மேஜைக்கு வந்து நோட்டைப் புரட்டிப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். பேனா மூடியால் நோட்டைத் தட்டிவிட்டுப் போவார். ஒரே ஒரு நாள் வாய் திறந்தார். "உங்க கை இன்னும் படியல" என்றார்.

ஒரு மத்தியானம் ரெஜினா என் பழைய நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"சார், மே மாசப் பக்கத்துல கன்ட்ரோல் ரீடிங் ஒண்ணுதான் இருக்கு. ஜனவரி பக்கத்துலயும் அதே நம்பர். ஒரு புள்ளிகூட மாறல."

"பழைய வேல்யூதாம்மா. எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

"அந்த மாசம் கரண்ட் கட்டு சார். ஸ்டில்லு ஓடியிருக்காதே. ஜாடித் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?"

அவரே சொன்னார்: "இந்தப் பக்கத்து கெணத்துத் தண்ணியில சோப்பு போட்டா நொரையே வராது சார். எங்க வூட்லயும் அப்படித்தான். அவ்ளோ உப்பு. அது டி.என்.ஏ.ல போச்சுன்னா நீங்க பாத்த மாதிரிதான் வரும்."

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். சவரிமுத்து பின்பக்கம் குடுவைகளை வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவரும் சுற்றி வளைக்கவில்லை.

"ஆமா சார். கெணத்துத் தண்ணிதான். நல்லா கொதிக்க வெச்சு, வேட்டித் துணியில நாலு தபா வடிகட்டிதான் ஊத்துனேன். ஐயா வந்து தட்டிகினே நின்னாரு. நான் இன்னா பண்றது? கோடு வரிக்கும் இருக்கணும்ன்றாரு, மெசின போடாதேன்றாரு."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கல சார். அது அவ்ளோ பெரிய தப்பா?"

நான் சொன்னேன், பெரிய தப்புதான் என்று. அவர் முகம் விழுந்துவிட்டது. "வேல போய்டுமா சார்? புள்ளைங்க கீதுங்க. ஐயாகிட்ட சொல்லிடாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரக் கை. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அவரைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அந்தக் கட்டுரையைப் பார்த்து ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்னை இரண்டு வருஷத்துக்கு அழைத்திருந்தது. கடிதம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. தண்ணீர் கதை வெளியே வந்தால் கூடவே கன்ட்ரோல் கதையும் வரும். சவரிமுத்துவின் பயத்துக்குப் பின்னால் என் பயத்தை ஒளித்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ரெஜினாவிடம், "விசாரிச்சேம்மா. ஸ்டில் தண்ணிதானாம்" என்றேன்.

அவர் என்னை நம்பினார். அதுதான் கொடுமை. "அப்போ என் கைதான் சார் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் கப்பல் ஏறினேன். திரும்பி வந்தபோது அவர் மேஜையில் வேறொருவர் இருந்தார். ஆய்வேட்டை டைரக்டர் கையெழுத்துப் போடாமல் திருப்பிவிட்டாராம். வெளியான கட்டுரையோடு முரண்படும் ஆய்வேட்டை எப்படி அனுப்புவது என்று கேட்டாராம். ரெஜினா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போனாராம். இதையெல்லாம் சவரிமுத்து எனக்குச் சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் சேஷகிரியும் நான் சொன்னதை நம்பியவர்தான். இதை மறைத்தால் அவருக்குச் செய்த துரோகம் இன்னும் பெரிதாகும். ரயில்கூட வராத ஊரில் ஒரு நிலையத்தைக் கட்டி, அதன் பெயரை உலகத்துக்குச் சொல்ல ஒரே ஒரு கண்டுபிடிப்புக்குக் காத்திருந்த மனிதர். அது கிடைத்துவிட்டது என்ற நிம்மதியோடு எண்பதுகளின் தொடக்கத்தில் இறந்துபோனார்.

நூலகத்துக்கு மேற்கோள் அட்டவணைகள் கனத்த புத்தகங்களாக வரும். எந்தக் கட்டுரையை யார் யார் எடுத்துக் காட்டினார்கள் என்று எறும்பு எழுத்தில் அச்சடித்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடியும். ஒவ்வொரு புத்தகம் வரும்போதும் எங்கள் பெயருக்குக் கீழே வரிகள் கூடிக்கொண்டே போயின. மற்றவர்கள் வாழ்த்துவார்கள். எனக்கு அந்த ஒவ்வொரு வரியும் ரெஜினாவின் தலையில் வைத்த கல்லாகத் தெரிந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல், மீண்டும் எல்லாச் சோதனையும் செய்து, கன்ட்ரோலும் வைத்து, திருத்தம் எழுதினேன். ஒரு பக்கம். அதில் காரணம் சொல்லும் வாக்கியம் இப்படி இருந்தது: ஆய்வக உதவியாளர் ஒருவரின் கவனக்குறைவால் தூய்மையற்ற நீர் பயன்பட்டுவிட்டது. கடைசி வரியில், பயனுள்ள கலந்துரையாடலுக்காக ரெஜினாவுக்கு நன்றி. கன்ட்ரோலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வெளி உலகத்தில் அதை யாரும் படிக்கவில்லை. உள்ளே புது டைரக்டர் படித்தார். யார் அந்த உதவியாளர் என்று அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, சவரிமுத்துவை வாசல் கேட்டுக்குக் காவலாளியாக மாற்றினார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது அவர் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஒரு நாள் என் வண்டியை நிறுத்தி, "நான் இன்னா சார் தப்பு பண்ணேன்? கிளாஸ் ஒண்ணு ஒடைச்சதில்லியே" என்றார்.

"வயசாயிடுச்சு இல்ல, ஜாடியெல்லாம் தூக்க வேணாம்னுதான்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அந்தப் பொய்யையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ரெஜினா அப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. திருத்தத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு ஒரு மத்தியான இடைவேளையில் போய்ப் பார்த்தேன். தலையில் நரை ஓடியிருந்தது. ஆய்வகத்தில் எனக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். கிணற்றுத் தண்ணீரை, சவரிமுத்து சொன்னதை, நான் அவரிடம் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும் சொன்னேன். "ரெண்டு வருஷம் என் கையையே பாத்துக்கிட்டிருந்தேன் சார். இந்தக் கையில என்ன கொறைன்னு" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர் பிரதிக்குக் கை நீட்டினார்.

பிறகு பிரதியை வாங்கி நின்றுகொண்டே படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். தன் பெயர் வந்த வரியில் கண் நிற்கும் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை.

"கன்ட்ரோல் வெக்கலன்னு எழுதலியே சார்."

நான் தரையைப் பார்த்தேன்.

"சவரிமுத்து அண்ணன் இத படிச்சாரா?"

"அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராதேம்மா. தமிழ்தான் எழுத்துக் கூட்டிப் படிப்பார்."

"அதனாலதான் இப்படி எழுத முடிஞ்சுதா?"

கோபமாகக் கேட்கவில்லை. பிரதியை நான்காக மடித்து என் கையில் கொடுத்தார். அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்றார்.

இது நடந்து வருஷக்கணக்காகிவிட்டது. சவரிமுத்து இப்போது உயிரோடு இல்லை. அவர் மகள் பிள்ளைப்பாக்கத்தில் இருக்கிறார். மலர்க் குழு என்னிடம் ஆங்கிலத்தில் எழுதித் தரக் கேட்டது. நான் தமிழில் எழுதியிருக்கிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம். ஒரு பிரதியை நானே பிள்ளைப்பாக்கத்துக்கு, அந்த மகளிடம் எடுத்துப் போகப்போகிறேன்.

அம்மா, அந்த மே மாதத்தில் கன்ட்ரோல் வைக்காதவன் நான். வைத்ததுபோல் டைரக்டரிடம் சொன்னவன் நான். உங்கள் அப்பா கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார். நான் கேட்ட அன்றைக்கே ஒளிக்காமல் சொன்னார். அவரை வாசல் கேட்டில் உட்காரவைத்தது அந்தத் தண்ணீர் இல்லை, என் வாக்கியம். அவர் உயிரோடு இருக்கும்போது இதை நான் அவரிடம் சொல்லவில்லை.